இணையமே இல்லாத பட்டன் போனில் பணம் அனுப்பினால், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதா?

ஆரணியில் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி, பட்டன் போனில் *99# அழுத்தி நூல்காரருக்குப் பாக்கியை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தொடங்கிய இந்தச் சேவைக்கு இணையம் வேண்டாம். அப்படியானால் அவர் அழுத்தும் ரகசிய எண் எந்த வழியாகப் போகிறது?

நெய்த சேலையைத் துணியில் மூட்டை கட்டிக் கடைக்கு அனுப்புவீர்கள் அல்லவா? போனிலிருந்து டவர் வரை செய்தியும் அப்படித்தான் கட்டப்பட்டுப் போகிறது. டவரில் முடிச்சு அவிழ்கிறது. அதன்பின் நாம் நம்ப வேண்டியது தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும்தான். வங்கியின் ஸ்மார்ட்போன் செயலியிலோ மூட்டை வங்கியின் சர்வரில்தான் அவிழும்.

அந்த முடிச்சும் பழையது. பல பட்டன் போன்கள் பயன்படுத்தும் 2ஜி வலையமைப்பின் பூட்டைத் திறக்கலாம் என்று 2009-லேயே கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் காட்டிவிட்டார்.

ஆனால் திருடன் அவ்வளவு சிரமப்படுவதில்லை. உங்கள் எண்ணுக்கே இன்னொரு சிம் வாங்கிவிட்டால் போதும், ஓடிபி தானாக அவனைத் தேடிப் போகும். எனக்கு அதிக அச்சம் தருவது இதுதான். சிம் மாற்றினால் 7 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) விதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததும் இதனால்தான்.

பக்கத்து வீட்டில் சிக்னல் இருக்கிறது, உங்கள் போனில் மட்டும் திடீரென்று செத்துவிட்டதா? உங்கள் எண் வேறு சிம்முக்குப் போயிருக்கலாம்; காத்திருக்காதீர்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.