தோமாவுக்கும் டவுட் வந்துச்சு பாஸ்!

ஞாயிறு ராத்திரி எட்டரை மணி. ஹாஸ்டல் வராந்தாவில் நண்பனின் செல்போன் சிணுங்கும். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா.

"கோயிலுக்குப் போனியாய்யா?"

"போனேம்மா."

"ஐயரு என்ன பிரசங்கம் பண்ணுனாரு?"

(திருநெல்வேலி சி.எஸ்.ஐ. பக்கம் பாஸ்டரை 'ஐயர்' என்பார்கள்.) இந்த இடத்தில் பையன் லேசாகத் தடுமாறுவான். அப்புறம் மனப்பாடமாய் இருக்கும் ஏதோ ஒரு வசனத்தை எடுத்து விடுவான். ஆராதனை நடந்த நேரத்தில் அவன் இருந்தது தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில்!

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு பள்ளி வசனப் போட்டியில் எப்போதும் முதல் பரிசு வாங்கிய பார்ட்டி அவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். வீட்டிலும் சபையிலும் நாற்பது நாள் உபவாச ஜெபம். அவள் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒருவர் அம்மாவிடம், "விசுவாசம் பத்தலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆரம்பித்தது இவன் கேள்வி. யூத் மீட்டிங்கில் கேட்டால் 'பின்மாற்றக்காரன்' என்று பட்டம் கட்டுவார்கள். க்ளாஸில் சொன்னால், "அப்போ நீ இனிமே நம்ம கட்சி மச்சி" என்பார்கள். இவனுக்கு ரெண்டுமே வேண்டாம்.

ஒருநாள் ரெண்டு பேரும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போகும்போது வண்டி பரங்கிமலையில் நின்றது. போர்டில் 'செயின்ட் தாமஸ் மவுண்ட்'. "யாருடா இந்த தாமஸ்?" என்றேன். சிரித்தான். "என்னை மாதிரி ஒருத்தர்!"

கதை பலருக்கும் தெரிந்ததுதான். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்ததாக மற்ற சீடர்கள் சொல்ல, அன்று அங்கே இல்லாத தோமா, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து 'சந்தேகத் தோமா' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. ஆனால் யோவான் சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. எட்டு நாள் கழித்து இயேசு மறுபடி வரும்போது, தோமா அதே கூட்டத்தோடுதான் இருக்கிறார். நம்பாதவரை யாரும் வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. இயேசுவோ அவர் கேட்ட ஆதாரத்தையே முன்னால் நீட்டுகிறார். தோமா தொட்டாரா? சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை.

அந்தத் தோமா கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்து, 72-ல் இந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. வரலாற்று ஆய்வாளர்கள் இன்னும் அதை விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சந்தேகப்பட்டவர் மேலேயே சந்தேகம்!

"அவருக்காவது எட்டு நாள்ல பதில் கெடைச்சுது மச்சி" என்றான் நண்பன். நியாயமான பாயிண்ட்.

பதில் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகமே ஆடிப்போனது. கொல்கத்தாவில் ஏழைகளுக்கான வேலையை அவர் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ளுக்குள் கடவுள் இல்லாத வெறுமை. ஜெபத்தில் மௌனம். 1958-ல் கொஞ்ச காலம் விலகியதைத் தவிர, 1997-ல் இறக்கும்வரை அந்த இருட்டு போகவே இல்லை. 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அதே நிலைதான். இதையெல்லாம் சில குருக்களிடம் மட்டும் எழுதினார். எரித்துவிடச் சொல்லியும் கேட்டார். நல்லவேளை, எரிக்கவில்லை! எல்லாம் தெரிந்த பிறகுதான், 2016-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது.

பிசிக்ஸ் க்ளாஸில் வருகிற டவுட் வேறு ரகம். பிரபஞ்சம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்தது என்ற யோசனையை 1931-ல் முன்வைத்த ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்று சொன்னாலே அந்தப் பேச்சு சூடு பிடித்துவிடும். கல்லறையில் ஆரம்பித்த கேள்விக்கு அந்த மாதிரி பாயிண்டெல்லாம் உதவாது. பேச ஆள் வேண்டும். யாரிடம் பேசுவது என்பதில்தான் கவனம் வேண்டும். ரெடிமேட் பதிலைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறவரிடம் மாட்டினால் போச்சு! பைபிளில் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவரை உத்தமர்கள். வாயைத் திறந்து, 'உன் மேல்தான் தப்பு' என்று லெக்சர் அடிக்க ஆரம்பித்ததும் வந்தது வினை. கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது அந்த நண்பர்கள் மேல்தான். 'விசுவாசம் பத்தலை' ஆசாமி யோபுவின் புத்தகத்தைக் கடைசிவரை படிக்கவில்லை போல.

போன மாசம் ஒரு ஞாயிறு. அதே எட்டரை மணி, அதே வராந்தா, அதே கேள்வி. இந்த முறை இவன், "போகலம்மா" என்றான். "ரொம்ப நாளாவே போகல. பாப்பா போனதுலேர்ந்து என்னால முடியல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தானாம். கட்டாகவில்லை.

"நான் போறேன்யா" என்றார் அம்மா. "போயி உக்காந்திருக்கேன். பாட்டு வந்தா வாய் வரமாட்டேங்கு."

அன்றைக்கு ரெண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பேலன்ஸ் தீர்ந்து, என் போனையும் வாங்கிக்கொண்டு போனான்.