சிறார்தம் கவனக் குறைவும் கற்றற் குறைவும்

தெமோதரையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலுள்ள பாடசாலைகளுள் எதனுள் நுழையினும் இருவகைப் பிள்ளைகளைக் காணலாம். ஒருவன் இருந்த இடத்தில் இரான். வினா முடியுமுன் விடை கூறுவான். தொடங்கிய வரியை எழுதி முடியான். தன் பென்சிலைத் தொலைத்து அடுத்தவன் பென்சிலைப் பறிப்பான். மற்றொருத்தி அமைதியானவள். செவியாற் கேட்ட கதையைப் பிசகாது திருப்பிச் சொல்வாள். அக்கதையையே புத்தகத்திற் காட்டினால் ஒரு வரியைக் கடக்க இயலாது திணறுவாள். முன்னவன் 'குழப்படிக்காரன்' எனவும், பின்னவள் 'மக்கு' எனவும் அழைக்கப்படுவர். இப்பெயர்களைப் பெரும்பாலும் ஆசிரியரின் களைப்பே இடுகின்றது. பெயரிட்டவுடன் காரணம் தேடும் முயற்சி நின்றுவிடுகின்றது என்பதே இதிலுள்ள கேடு. தோட்டத்துப் பிள்ளை இடையிலே பள்ளியை விட்டுக் கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போதல் நெடுங்காலமாய் நிகழ்ந்து வந்ததொன்று. கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016 ஆம் ஆண்டில் பதினாறாக உயர்த்தப்பட்டது. எனினும் எழுத்துக் கூடாத பிள்ளையை வாங்கில் நிறுத்திவைக்கச் சட்டத்தால் மட்டும் இயலாது.

காரணம் தேடுதல் எத்தகையது என்பதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு ஊவா மாகாணத்திலேயே உண்டு. மொனராகலை மாவட்டம் மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலம் குடிகொண்டிருந்த நிலம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்த தீபிகா பெர்னாண்டோவும் உடனாய்வாளரும் அப்பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். காய்ச்சல் பன்முறை கண்ட பிள்ளைகள் மொழியிலும் கணிதத்திலும் குறைந்த புள்ளிகளே பெற்றனர் என்பது அவற்றாற் புலனாயிற்று. வறுமையே காய்ச்சலுக்கும் புள்ளிக் குறைவுக்கும் பொதுக் காரணமாகலாமன்றோ என்னும் ஐயம் இவ்விடத்து எழுதல் இயல்பு. அவ்வையத்தைத் தீர்க்கவல்ல சோதனையொன்றும் இலங்கையில் நடைபெற்றது. ஆறு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள 587 பிள்ளைகள் குலுக்கல் முறையால் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு கூற்றார்க்கு வாரந்தோறும் குளோரோகுயின் மாத்திரையும், மற்றைக் கூற்றார்க்கு மருந்தில்லா மாத்திரையும் வழங்கப்பட்டன. எவர்க்கு எது என்பதைக் கொடுத்தவரும் அறியார், உண்டவரும் அறியார். ஒன்பது மாதம் இவ்வாறு கழிந்தபின், மருந்துண்டவரிடையே மலேரியாவாற் பள்ளிக்கு வாராமை 62.5 சதவீதம் குறைந்திருந்தது. மொழி, கணிதம் ஆகிய இரண்டிலும் அவர்கள் ஏறத்தாழ 26 சதவீதம் கூடுதலான புள்ளி பெற்றனர். இம்முடிவு 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 2016 இல், இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் அச்சோதனையின் பொருள் மாறவில்லை: 'மந்தம்' எனக் குறிக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி குருதியிலிருந்த ஒட்டுண்ணியின் வேலையாகும்.

மலைத் தோட்டங்களில் வேறு காரணங்கள் உள. பெற்றோர் விடியலிலே பெரட்டுக்குப் போய்விட, பிள்ளை ரொட்டித் துண்டும் தேத்தண்ணீரும் உண்டு பள்ளிக்கு வருகின்றது. உணவிலுள்ள இரும்புச் சத்தைக் குடல் ஏற்காவண்ணம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கும் என்பது 1970களிலேயே பரிசோதனையால் நிறுவப்பட்டது. கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளையின் குருதிச் சோகைக்கு அக்கொழுந்தின் சாயமே துணைபோகின்றது. குருதிச் சோகையுற்ற பிள்ளைக்கு அயர்வும் கவனச் சிதறலும் உண்டாதல் பலநாட்டு ஆய்வுகளிற் கண்ட உண்மை. கொக்கிப்புழுவும் குருதியை உறிஞ்சுவதே. 1910களின் பிற்பகுதியில் றொக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கைத் தோட்டங்களில் அப்புழுவை ஒழிக்க முனைந்ததற்கு அதுவே ஏது. காதிற் சீழ் வடியும் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் பாதியே எட்டும். கிட்டப்பார்வையுடைய பிள்ளை கரும்பலகையைக் காணாது பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுத, அதற்குக் 'கள்ளம்' என்று பெயராகும். பாடத்தின் நடுவே சில வினாடி விழித்த கண் விழித்தபடி நினைவிழந்து மீளும் பிள்ளையும் உண்டு. அது வலிப்பு நோயின் மெல்லிய வகை. பகற்கனவென்று எண்ணி அடிப்போர் அறியாது செய்யும் கொடுமை சிறிதன்று.

இவையெல்லாம் நீங்கிய பின்னும் எஞ்சி நிற்பதே பிறவியோடமைந்த கவனக் குறை. ஸ்கொத்லாந்து மருத்துவர் அலெக்சாந்தர் கிறைற்றன் 1798 இலேயே இதனை விவரித்துள்ளார். இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் 1902 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரில் நிகழ்த்திய விரிவுரைகள் இதற்கு அடிப்படையிட்டன. அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் சிலர் தம்மைத் தாமே அடக்கமாட்டாதிருத்தலை அவர் எடுத்துக்காட்டி, அதனை வளர்ப்பின் தவறாகக் கொள்ளாது உடலின் குறையாகக் கொண்டார். 1937 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்ள்ஸ் பிறாட்லி என்னும் மருத்துவர் பென்சற்றீன் என்ற கிளர்ச்சி மருந்தை முப்பது பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஏறத்தாழ பாதிப்பேர் பள்ளி வேலையில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' எனப் பெயரிட்டனர்! கிளர்ச்சி தரும் மருந்து துடிப்பான பிள்ளையை அமைதியாக்கியமை அக்காலத்தார்க்குப் புதிராயிருந்தது. அமெரிக்க உளமருத்துவர் இக்குறைக்கு 1968 இல் ஒரு பெயரும், 1980 இல் வேறொரு பெயரும், 1987 இல் இன்றுள்ள பெயரும் இட்டனர். பெயர் மாறிய வேகம் அறிவு வளர்ந்த வேகத்தினும் மிகுதி எனின் தவறாகாது.

உலகளவில் நூறு பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவர்க்கு இக்குறை உண்டென 2007 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று மதிப்பிட்டது. இரட்டையர் பற்றிய ஆய்வுகள் இது பெரிதும் மரபுவழி வருவதெனக் காட்டுகின்றன. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூளைப் புறணியின் வளர்ச்சியை அளந்து கண்டது இன்னும் கருதற்பாலது. ஏனைய பிள்ளைகளின் புறணி சராசரி ஏழரை வயதில் எய்தும் தடிப்பை இப்பிள்ளைகளின் புறணி பத்தரை வயதளவிலேதான் எய்துகின்றது. வளர்ச்சியின் வரிசை பெரும்பாலும் ஒன்றே, காலமே தாழ்கின்றது. தெமோதரை நிலையத்தை விட்டுக் குன்றைச் சுற்றியிறங்கி, அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தாற் பதுளைக்குப் போகும் புகையிரதத்தைக் கண்டவர்க்கு இதனை விளங்கிக்கொள்ளல் அரிதன்று.

காலத் தாழ்வு என்றவிடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டனர். ஒரே வகுப்பில் தை மாதத்திற் பிறந்தவரினும் மார்கழியிற் பிறந்த இளையவர்க்கே இக்குறை மிகுதியாகக் கூறப்பட்டிருந்தது: ஆண்பிள்ளைகளில் 30 சதவீதமும் பெண்பிள்ளைகளில் 70 சதவீதமும் கூடுதல். ஆறு வயதில் பதினொரு மாத இளமை பெரிய வேற்றுமை. முதலாம் வகுப்பிற் குழப்படி செய்யும் பிள்ளையின் பிறந்த திகதியை இடாப்பிற் பார்த்தல் எந்தச் சோதனைக்கும் முற்பட வேண்டியது.

வாசிப்புக் குறையின் வரலாறு வேறு. 1896 இல் ஆங்கில மருத்துவர் பிறிங்கிள் மோர்கன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அச்சிறுவன் கூர்மதியினன், கணக்கில் வல்லவன், எழுத்தை மட்டும் கூட்டி வாசிக்க மாட்டாதவன். இவ்வகைக் குறைகளுக்கெல்லாம் பொதுவாகக் 'கற்றற் குறைபாடு' என்னும் பெயரைச் சாமுவேல் கேர்க் 1963 இல் நிலைநிறுத்தினார்.

ஆங்கிலப் பிள்ளையை வைத்து வகுத்த அளவுகோலைத் தமிழ்ப் பிள்ளைக்கு அப்படியே வைத்தல் பொருந்தாது. ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து, தமிழில் 247. 'கொ' என எழுதுகையில் உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னும் நிற்க, ஒலியோ மெய்க்குப் பின்னரே வருகின்றது. 'கல்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்றிலும் ககரம் ஒரே வடிவினதாயினும் ஒலி வெவ்வேறு. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சொனாலி நாக் 2007 இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய எழுத்து முறையில் முழு நெடுங்கணக்கும் கைவரத் தொடக்க வகுப்புகளின் ஆண்டுகள் பல செல்லும் எனக் காட்டியது. ஆதலின் இரண்டாம் வகுப்பில் உயிர்மெய் முற்றும் தெரியாமையைக் குறைபாடென முடிவுசெய்தல் அவசரமாகும். லயத்தில் 'தண்ணி' என்று பேசிய பிள்ளை 'தண்ணீர்' என்பதைப் புத்தகத்திலேதான் முதன்முதற் காண்கின்றது. ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிக்கும் வாய் அவற்றை மாற்றி எழுதுவதிலும் வியப்பில்லை. அது பேச்சின் இயல்பு. நல்ல கற்பித்தல் ஈராண்டு மூவாண்டு நடந்த பின்னும் கொம்பையும் காலையும் விட்டுவிட்டு வாசித்தல், முதலெழுத்தைக் கண்டு சொல்லை ஊகித்தல், நேற்றறிந்த சொல்லை இன்று அறியாமை, இவையனைத்தும் நன்கு பேசும் பிள்ளையிடத்தே நிலைத்திருத்தல்: இவையே ஐயுறத்தக்க அடையாளங்கள்.

ஐயுறுதல் ஆசிரியர் கடமை. நோய் துணிதல் மருத்துவர் கடமை. கவனக் குறையெனத் துணிய, அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தலும், வீடு பள்ளி ஆகிய ஈரிடத்தும் காணப்படுதலும் வேண்டும். பள்ளியிற் கண்டதை ஆசிரியரன்றி எவர் உரைப்பார்? நாள், நேரம், பாடம், பிள்ளை செய்தது, அதற்கு முன் நிகழ்ந்தது என்பன குறித்த ஒரு மாதக் குறிப்பைப் பெற்றோர் கையிற் கொடுத்துப் பதுளை வைத்தியசாலைக்கு அனுப்பினால், மருத்துவர்க்கு அது பெருந்துணை. கொழுந்துக்காரி ஒரு நாட் சம்பளத்தை இழந்தே பிள்ளையைக் கூட்டிச் செல்ல வேண்டும். வெறுங்கையோடு அவளை அனுப்புதல் முறையன்று. மருந்து பற்றி ஒன்று கூறலாம். அமெரிக்காவில் 579 பிள்ளைகளிடத்து நடந்து 1999 இல் வெளிவந்த பெருஞ்சோதனையில், பதினான்கு மாத முடிவில் கவனக் குறையின் அடையாளங்களைத் தணிப்பதில் மருந்து பெற்றோர் முந்தியிருந்தனர். மூன்றாண்டுக்குப் பின் அவ்வேற்றுமை காணப்படவில்லை.

வாசிப்புக் குறைக்கு மாத்திரை இல்லை, பயிற்சியே உண்டு. 1930களில் அமெரிக்காவில் ஓர்ற்றனும் கிலிங்ஹாமும் வகுத்த முறை, எழுத்தைக் கண்ணாற் கண்டு, வாயால் ஒலித்து, விரலால் வரைதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்விப்பதாகும். விசயதசமியன்று குருக்கள் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் அகரம் எழுதுவிப்பதும், திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகியதும் அவ்வகையினவே. ஒரு தட்டும் சிறிது மணலும் எத்தோட்டத்திலும் கிடைக்கும். அப்பிள்ளையை வகுப்பின் முன் வாசிக்கச் செய்து நாணுறுத்தாது, இடைவேளைக்கு முன் பதினைந்து நிமிடம் தனியே இருத்தி, நாளுக்கு இரண்டு எழுத்தாகக் ககர வரிசையிலிருந்து தொடங்கலாம்.