லென்ஸ் ஆடலாமா?

தோழியரே, காமிராவில் பூட்டிய லென்ஸைத் திருகினால் இம்மியளவு அசைவதைக் கண்டிருப்பீர்கள். பழுதென்று அஞ்ச வேண்டா. 1959-இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட 'எஃப்' வகைப் பூட்டைப் பார்ப்போம். லென்ஸின் மூன்று நாக்குகள் காமிராவின் வளையத்துள் நுழைந்து திரும்பியதும், காமிராவிலுள்ள சிறு முளை லென்ஸின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். முளை தடையின்றி வந்துபோகப் பள்ளம் சற்று அகலமாக இருக்க வேண்டுமல்லவா? அந்த இடைவெளியே இந்த ஆட்டம். லென்ஸ் தன் அச்சிலேயே சுழல்வதால் படம் கெடாது.

முன்பின் அசைவுதான் பொல்லாதது! வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே தூரம் 46.5 மில்லிமீட்டர். லென்ஸ் மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். ஆகவே உள்ளிருக்கும் வில்தகடுகள் நாக்குகளை இழுத்து, லென்ஸை வளையத்தோடு அழுத்திப் பிடிக்கின்றன. அவை தளர்ந்தால் மட்டும் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.