கழித்த பொருள்களின் கதை – 7: சில்லும் சீசாவும்

சென்ற வாரம் பழைய காகிதம் கூழாகி மீண்டும் காகிதமாகும் விதத்தைக் கண்டோம். அதன் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போய், கடைசியில் காகிதமாகும் சக்தியையே இழந்துவிடுகிறது என்பதையும் பார்த்தோம். கண்ணாடிக்கு அந்தக் குறை இல்லை. மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் சுமார் 1,500 டிகிரி உஷ்ணத்தில் உருகி ஒன்றான அந்த வஸ்து, எத்தனை தரம் உடைத்து உருக்கினாலும் தன் சுபாவத்தில் இம்மியும் குன்றுவதில்லை.

ஆயினும், நம் வீட்டு ஊறுகாய்ச் சீசாவைப் பழைய பேப்பர்க் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் பார்ப்பது அது முழுதாக இருக்கிறதா என்பதைத்தான். முழுச் சீசாவானால் கழுவி மறுபடியும் நிரப்பலாம். உலையும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். 1872-இல் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் காப்புரிமை பெற்ற கோலி சோடாப் புட்டி, நம் ஊர்க் கடைகளில் காலியாவதும் நிரம்புவதுமாக இத்தனை காலம் உழைத்தது இந்த முறையினால்தான். இதைவிடச் சிறந்த மார்க்கம் கண்ணாடிக்கு இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

உடைந்துபோனால்தான் அது சில்லு. உலைக்குப் போக வேண்டியது. புது மணலைக் காட்டிலும் சில்லு எளிதில் உருகுமாதலால், உலையில் இடும் சரக்கில் 10 சதவீதம் சில்லு சேர்த்தால், எரிபொருளில் ஏறத்தாழ 2.5 முதல் 3 சதவீதம் மிச்சமாகிறது; சோடாவும் சுண்ணாம்பும் உருகும்போது வெளிப்படும் கரியமில வாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் உலைக்காரருக்கு எல்லாச் சில்லும் ஒன்றல்ல. பச்சையும் பழுப்பும் கலந்தால் வெண்கண்ணாடி நிறம் கெடும். அடுப்புச் சூட்டைத் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் வேறு ஜாதி; சாதாரணக் கண்ணாடி உருகும் சூட்டில் அது சரிவர உருகாது. பீங்கான் கோப்பையின் சிறு துண்டு ஒன்று உள்ளே போய்விட்டால், அது உருகாமல் கல்லாக நின்று, புதிய புட்டியின் சுவரில் பலவீனமான இடமாக அமைந்து, என்றோ ஒரு நாள் அங்கேயே விரிசல் விடும். குழல் விளக்கிலோ பாதரசம் உண்டு. அது வீட்டு அபாயக் கழிவைச் சேர்ந்தது.

மலைக்காடுகளில் எறியப்பட்ட மதுப் புட்டிகளின் சில்லுகள் யானைகளின் பாதங்களைக் கிழித்த கொடுமை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றதன் பயனாக, 2022-இல் நீலகிரி மாவட்டத்து மதுக்கடைகளில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுப்பவரிடம் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு தொடங்கிற்று. எறியப்பட்டு வந்த புட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கடைக்கே திரும்பின. பிற்பாடு வேறு மாவட்டங்களுக்கும் அந்த ஏற்பாடு பரவியது.

யானையின் பாதத்தைக் கிழித்த அதே சில்லுதான், நாம் சோற்றுப் பருக்கையோடும் காய்கறித் தோலோடும் சேர்த்துக் கட்டிவிடும் பையினுள்ளிருந்து, அதைப் பிரித்தெடுக்கும் துப்புரவுத் தொழிலாளியின் உள்ளங்கையையும் கிழிக்கிறது. ஆகையால் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: முழுச் சீசாவை அலசி, மூடியைக் கழற்றித் தனியே வையுங்கள், உடைந்ததைத் தடித்த காகிதத்தில் பொதிந்து, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதி, வண்டி வரும்போது அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.