முரசும் இணையமும்

பண்டைத் தமிழகத்தில் ஊரார் அனைவரும் அறியவேண்டிய செய்தியை முரசறைந்து அறிவித்தனர். புகார் நகரில் இந்திர விழா நிகழவிருப்பதை, யானையின் பிடரிமேல் முரசேற்றி அறிவித்த காட்சியை மணிமேகலை காட்டுகிறது. பிற்காலத்தே சிற்றூர்களில் தண்டோராப் போடும் வழக்கம் நிலவியது. எழுத்தறியாதாரும் செய்தியறிய வேண்டும் என்பதே இவற்றின் நோக்கமாகும். இணையம் என்னும் புதுக் கருவி உழவர் சிற்றூர்களுக்குச் சென்றபோதும் இந்நோக்கமே அதனைப் பயனுடையதாக்கியது. புதுச்சேரியில் நிகழ்ந்த முயற்சி இதற்குத் தக்க சான்றாகும்.

வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் பெயரால் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனம், 1998ஆம் ஆண்டில், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் பொருளுதவியோடு இத்திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை நிலையமாயிற்று. இணையத்திலிருந்தும் அரசு அலுவலகங்களிலிருந்தும் திரட்டிய செய்திகள் அங்கே தமிழில் எழுதப்பெற்று, கம்பியில்லாக் கருவி வழியாகச் சுற்றுப்புற ஊர்களின் நிலையங்களுக்கு அனுப்பப்பெற்றன. மின்சாரம் தடைப்படுங்கால் உதவுதற்பொருட்டுக் கதிரொளியால் மின்னாக்கும் தகடுகளும் பொருத்தப்பெற்றன.

நிலையத்திற்குரிய இடத்தை ஊராரே அளித்தல் வேண்டும். சாதி வேறுபாடின்றி எவரும் அங்கு வந்துபோதல் வேண்டும். இவ்விரண்டும் திட்டத்தின் நிபந்தனைகள். செய்தியை எடுத்துரைத்தவர்கள் அவ்வவ்வூர்த் தொண்டர்களே. அவருள் பெண்கள் பலர். எம்பலம் என்னும் ஊரில் கோயிலைச் சார்ந்த இடத்திலேயே நிலையம் அமைந்தது.

நெல்விலை, விதை உரங்களின் விலை, மருத்துவ வசதி, அரசின் உதவித் திட்டங்கள் ஆகியவற்றை மக்கள் கேட்டறிந்தனர். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களின் பட்டியலும் அங்குக் கிடைத்தது. பட்டியல் அலுவலகத்தில் முடங்கிக் கிடக்கும்வரை, தன் பெயர் அதில் உண்டா இல்லையா என்பதை ஏழை அறியான். அறியாதவன் தன் உரிமையைக் கேட்பது எங்ஙனம்?

மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தின் தேவை வேறு. வங்கக் கடலின் அலையுயரம் பற்றி அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட முன்னறிவிப்பு, வில்லியனூரில் தமிழாக்கப்பெற்று அவ்வூரை அடைந்தது. கரையோரத்தில் ஒலிபெருக்கி வாயிலாக முழங்கியது. கணினியைத் தொட்டறியாத மீனவனும் கடலின் நிலையறிந்து படகைத் தள்ளினான். 2001இல் இத்திட்டம் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

புகாரைக் கடல் கொண்டது என்பதும் மணிமேகலை கூறும் செய்தியே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் அதனைக் கண்டு, தம் ஊருக்குத் தொலைபேசி வழியே எச்சரிக்கை விடுத்தார். ஊரார் அறிவு மையத்தின் பூட்டிய கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர்.

இன்று கைப்பேசி வந்துவிட்டதே, இத்தகைய நிலையங்கள் இனி எதற்கு எனச் சிலர் வினவலாம். கருவி கைக்கு வருவது வேறு. செய்தி கருத்திற்கு வருவது வேறு. அன்றைய மலாயாத் தோட்டங்களில் எழுத்தறிந்த ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, லயத்து மக்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். வில்லியனூர்த் தொண்டர்கள் செய்ததும் அப்பணியே. மஸ்ஜித் தானா வட்டாரத்திலும், மலாய் மொழியில் வரும் அரசுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள்தேடும் தமிழ் முதியவருக்கு வேண்டுவது இன்னொரு கருவியன்று. பொருளுணர்ந்து தமிழில் எடுத்துரைக்கும் ஒருவரே. அப்பணிக்குத் தமிழாசிரியரினும் தக்கார் யாவர்? வாரத்தில் ஒரு மாலைப் பொழுதும், பள்ளியில் ஒரு மேசையும் போதும். முரசு மீண்டும் ஒலிக்கும்.