திண்ணையை இடித்தேன்... திரும்பக் கட்டினேன்!

புது வீடு கட்டப் போகிறீர்களா? இல்லை, மாமனார் காலத்து வீட்டை 'மாடர்ன்' ஆக்கிவிடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள் சகோதரிகளே! அவர் வருவதற்குள் என் கதையைப் படித்துவிடுங்கள். பணத்தையும் செலவழித்து, நிம்மதியையும் தொலைத்து, மறுபடி பணம் செலவழித்து அதை மீட்டவள் நான்.

எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து தென்காசிக்கு ரயிலில் போனால் நடுவில் வரும். மேற்கே பார்த்தால் மலை. அங்கிருந்து இறங்கி வரும் கடனா நதி எங்கள் வயல்களை நனைத்துவிட்டு, திருப்புடைமருதூர் பக்கம் தாமிரபரணியோடு கலக்கிறது. ஆனி, ஆடியில் சாரல் காற்று அடித்தால் விசிறியே வேண்டாம். சித்திரை வெயிலோ மண்டையைப் பிளந்துவிடும்!

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீடு பழைய நெல்லைச் சீமை வீடு. தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டித் தார்சா, பிறகு பட்டாசல், நடுவில் 'வானவெளி' என்று நாங்கள் சொல்லும் திறந்த முற்றம், அதற்கப்புறம் அடுக்களை, கடைசியில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கிற புறவாசல். வாசலில் நின்று பார்த்தால் புறவாசல் வரை தெரியும். முன்னால் நுழைகிற காற்று பின்னால் போய்விடும்.

பார்க்க அழகுதான். பெருக்கித் துடைக்கிறவளுக்குத்தானே தெரியும் கஷ்டம்! வானவெளியில் மழைச்சாரல் அடிக்கும். இலை விழும். பூனை குதிக்கும். மலையடிவாரம் என்பதால் குரங்கு வேறு வந்து காயப்போட்ட வடகத்தை அள்ளிக்கொண்டு போகும். திண்ணையிலோ எந்நேரமும் யாராவது ஒருவர். நான் ஒரு நிமிஷம் நைட்டியோடு வாசலுக்கு வர முடியாது!

நான் செய்த காரியம்

2016-ல் திருநெல்வேலியில் என் தங்கை புது வீடு கட்டினாள். பளபளவென்று கிரானைட் தரை, இரும்பு கேட், ஏ.சி. எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டையும் அப்படிப் பண்ணினா என்ன?" என்று என் கணவரை அரித்தெடுத்துவிட்டேன். அவரும் சரியென்றார். திண்ணையை இடித்துக் காம்பவுண்ட் சுவர் எழுப்பி கேட் போட்டோம். வானவெளியைக் கான்கிரீட் போட்டு மூடி, அந்த இடத்தில் சோபாவும் டி.வி.யும் வைத்தோம். ஓட்டை இறக்கிவிட்டு மேலே முழுவதும் கான்கிரீட் தளம்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் "மெட்ராஸ் வீடு மாதிரி இருக்கே!" என்றபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அது ஒரு சித்திரை வரைதான்.

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி அதை மெல்ல மெல்லக் கீழே விடும். பழைய ஓட்டுக்கூரையில் அப்படியில்லை. ஓடுகளின் இடுக்கு வழியே சூடான காற்று வெளியேறிவிடும். சூடான காற்று எப்போதும் மேலே எழும்பும். வானவெளி திறந்திருந்தால் அது அப்படியே போய்விடும், அந்த இடத்துக்கு வாசல் பக்கமிருந்து புதுக்காற்று வரும். வீட்டின் மூக்கைத்தான் நான் அடைத்துவிட்டேன்! பகலிலும் விளக்கு, ராத்திரி முழுக்க ஏ.சி., கரண்ட் பில்லைப் பார்த்தால் மயக்கம். சுவரில் ஈரம் கோத்து மூலைகளில் கறுப்புப் பூசணம் பிடித்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மாமியாருக்கு நேர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"காலையா சாயங்காலமான்னே தெரியலையே!"

அத்தைக்கு அப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். திண்ணைதான் அவர் உலகம். அங்கே உட்கார்ந்துதான் முருங்கைக்கீரை ஆய்வார். கோயிலுக்குப் போகிறவர், ரயிலுக்குப் போகிறவர், கல்லூரி விட்டு வரும் பிள்ளைகள், எல்லோரையும் ஒரு வார்த்தை விசாரித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். எதிர்வீட்டு மைனி வேலைக்குப் போகும்போது பிள்ளையை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவாள்.

திண்ணை போனதும் ஒரு நாற்காலியை கேட்டுக்குள் போட்டு உட்கார்ந்து பார்த்தார். சுவர்தான் தெரிந்தது. உள்ளே வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தார். பிறகு படுக்க ஆரம்பித்தார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "விடிஞ்சிட்டா தாயி?" என்று கூப்பிடுவார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது.

ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வீடு நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா காலையா சாயங்காலமான்னே தெரியலையே!"

டாக்டரிடம் காட்டினோம். ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "பகல்ல வெளிச்சத்துல உட்காருறாங்களா? யாரோட பேசுறாங்க?" என்று கேட்டார். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ராத்திரி தூங்கச் சொல்லும் என்று அவர் விளக்கினார். வெயில் தோலில் பட்டால்தான் எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாகும் என்பதும் அன்றுதான் என் புத்தியில் உறைத்தது. மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வாசல்ல உட்கார வையுங்க" என்றார். எந்த வாசலில் உட்கார வைப்பேன்?

திருவனந்தபுரத்தில் ஒரு காபி

2022-ல் என் நாத்தனாரின் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தோம். தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகே செங்கல் நிறத்தில் வட்டமாகக் கோபுரம் போல ஒரு கட்டடம். 'இந்தியன் காபி ஹவுஸ்.' உள்ளே போனால் படியே கிடையாது! தரை சுற்றிச் சுற்றிச் சரிவாக மேலே ஏறுகிறது. ஓரத்தில் மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். சுவரெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். அதன் வழியே வெளிச்சமும் காற்றும் தாராளமாக வருகின்றன. வெளியே அத்தனை சந்தடி, உள்ளே என்ன குளுமை!

கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் விவரம் சொன்னாள். அதைக் கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்கவேண்டும் என்ற காந்திஜியின் கருத்தை வாழ்நாள் முழுவதும் மனதில் வைத்திருந்தார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது அவருடைய முறை. கிட்டத்தட்டக் கால்வாசிச் செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெயிலை உள்ளே விடாது. கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைப்பதும் உண்டு. இருக்கிற மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றிச் சுவரை வளைத்துக் கட்டுவாராம்! 1985-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து கேரளத்தில் தொடங்கிய 'காஸ்ட்ஃபோர்ட்' என்ற அமைப்பு இந்த முறையில் வீடுகள் கட்டித் தருகிறது.

இன்னொரு விஷயமும் அவள் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, சிலருக்குச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. இருபத்துமூன்று ஜோடிகளாக 46 பேரை ஒப்பிட்டுப் பார்த்தால், மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கின்றன!

எனக்கு அத்தையின் கேட்டும் சுவரும் கண்முன் வந்து நின்றன. காபி தொண்டையில் இறங்கவில்லை.

மறுபடி கொத்தனார்!

ஊருக்கு வந்ததும், "திண்ணையைக் கட்டணும். வானவெளியைத் திறக்கணும்" என்றேன். என் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இடிக்கச் சொன்னதும் நீதான், கட்டச் சொல்லுததும் நீதானா? பணத்துக்கு எங்க போக?" நியாயமான கேள்வி. மகள் கல்யாணத்துக்கென்று போட்டிருந்த சீட்டுப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்தேன். "எனக்கு ஒரு வளையல் குறைச்சுப் போடும்மா" என்று அவளே சொல்லிவிட்டாள்.

தளத்தை உடைப்பது விளையாட்டல்ல. முதலில் ஒரு இன்ஜினீயரை அழைத்து வந்து உத்தரம், கம்பி எல்லாம் பார்க்கச் சொன்னோம். அவர் சம்மதித்த இடத்தில் மட்டும் ஆறடிக்கு ஆறடி திறந்தோம். ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, மேலே கண்ணாடி, பக்கங்களில் கொசுவலை, குரங்குக்கும் திருடனுக்கும் இரும்புக் கிராதி. சூடான காற்று வலை வழியே போகிறது, மழை உள்ளே வருவதில்லை. மேலே விழும் மழைத்தண்ணீர் குழாய் வழியே புறவாசல் குழிக்குப் போய் நிலத்தில் இறங்குகிறது. 2003-லிருந்து நம் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்றே, அதையும் ஒழுங்காகச் செய்த திருப்தி! மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். ராத்திரிச் சூடு நன்றாகவே குறைந்தது.

காம்பவுண்ட் சுவரை இடுப்பளவுக்குக் குறைத்து, அதன் வெளிப்புறம் தெருவைப் பார்த்தபடி எங்கள் எல்லைக்குள்ளேயே திண்ணை. பழைய திண்ணை உயரம், அத்தையால் ஏற முடியாது. இப்போது ஒன்றரை அடிதான். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலி போல உட்கார்ந்து எழலாம்.

திண்ணையில் யார் உட்காரலாம்?

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் காலத் திண்ணை எல்லோருக்குமாக இருக்கவில்லை. இன்னார் ஏறி உட்காரலாம், இன்னார் கீழேதான் நிற்கவேண்டும் என்று இருந்ததை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கும் அது அவ்வளவாகக் கிடையாது. ஆண்களுக்குத் திண்ணை, எங்களுக்கு வானவெளி. எங்களுக்கென்று இருந்த அந்தத் துண்டு ஆகாயத்தைத்தான் நான் என் கையாலேயே மூடியிருந்தேன்!

புதுத் திண்ணை கட்டிய மூன்றாம் நாள். தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர் அம்மா தண்ணீர் கேட்டு வாசலில் நின்றாள். நான் செம்போடு வந்தபோது, அத்தை தன் கைத்தடியை நகர்த்திவிட்டு, "ஏன் நிக்கே? இங்ஙன உக்காந்து குடி தாயி" என்றார். அவள் தயங்கினாள். அத்தை மறுபடி தட்டிக் காட்டினார். உட்கார்ந்தாள். இரண்டு பேரும் மூட்டுவலியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள்.

அதற்கப்புறம் அத்தை காலையில் வெயிலில், சாயங்காலம் காற்றில். ராத்திரித் தூக்கம் மெல்லத் திரும்பியது. எழுபத்தைந்தை ஐம்பது ஆக்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிட்டார், பேசினார். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமெல்லாம் மழை கொட்டித் தீர்த்ததே, அப்போது கரண்ட் இல்லாமல் தெருவே இருண்டு கிடந்தது. மழை விட்ட நேரம் எங்கள் திண்ணையில்தான் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். யார் வீட்டில் பால் இருக்கிறது, யாருக்கு மருந்து வேண்டும் என்று அத்தைதான் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு அனுப்பினார்.

நீங்கள் செய்யக்கூடியவை

• வீட்டுப் பிளானைப் பார்க்கும்போது, எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வைத்தால் காற்று வருவதற்கு வழி உண்டு, போவதற்கு வழியில்லை.

• மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு வேம்போ முருங்கையோ நடுங்கள்.

• வயதானவர் படுக்கும் கட்டிலிலிருந்து ஒரு செடியாவது தெரியட்டும்.

• சமையலறையில் புகை போக உயரத்தில் ஒரு திறப்பு அவசியம்.

• முற்றத்தில் உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்க விடுகிறீர்களா? வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

• அடுக்குமாடியில் இருக்கும் இளம் தாய்மாரே, உங்களுக்கும் திண்ணை உண்டு. லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட மற்றவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். வழியை மட்டும் அடைக்கவேண்டாம். பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடிவிடாதீர்கள். குழந்தையைக் காலை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள அதுதான் இடம்.

போன வருஷத்துக்கு முந்தின பங்குனியில் அத்தை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். முதல்நாள் சாயங்காலம்கூடத் திண்ணையில்தான் இருந்தார். இப்போது அந்த இடத்தில் எதிர்வீட்டு மைனியின் பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறவள் நான்தான்.