புல்தரை ஜோசியம்

சொந்த ஊரில் புல்தரையை விரித்துவிட்டு எதிரிக்காகக் காத்திருந்தது இந்தியா. கணக்கு எங்கே தப்பியது?

கோல்கத்தா சவுத் கிளப்பின் புல்தரை இந்திய டென்னிஸின் பழைய ஆயுதம். 2019 பிப்ரவரி 1, 2 தேதிகளில் இத்தாலியுடன் நடந்த டேவிஸ் கோப்பை தகுதிச் சுற்றுக்கு அந்த ஆயுதம்தான் மறுபடியும் வெளியே எடுக்கப்பட்டது. இத்தாலியர்கள் களிமண் தரையில் வளர்ந்தவர்கள். தரவரிசையில் இந்தியர்களைவிட எவ்வளவோ மேலே இருந்தவர்கள். புல்லில் பந்து தாழ எழும்பி வழுக்கிக்கொண்டு போனால் தடுமாறுவார்கள் என்பது இந்திய அணியின் கணக்கு.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017 ஜூனில் துருக்கியின் அன்டால்யாவில், புல்தரையில்தான், உலகின் 8ஆம் நிலை வீரர் டொமினிக் தீமை 6-3, 6-2 என்று வீழ்த்தினார். அப்போது ராம்குமாரின் தரவரிசை 222. தீமோ அதே மாதம் பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதி வரை போய்விட்டு வந்தவர். அடுத்த ஆண்டு நியூபோர்ட் புல்தரைப் போட்டியிலும் ராம்குமார் இறுதிக்கு வந்தார்.

புல்லில் இப்படி நடப்பதற்குக் காரணம் உண்டு. களிமண் ஆட்டம் அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுவது மாதிரி. 3,550 படிகள், மூச்சும் பொறுமையும் உள்ளவர் எப்படியும் மேலே சேர்ந்துவிடுவார். புல்லில் அதற்கு அவகாசமே கிடையாது. நல்ல சர்வீஸ் உள்ளவரை அசைப்பது கஷ்டம். செட் முழுக்க ஒரே ஒரு முறை சர்வீஸ் பறிபோனாலும் போதும், கதை முடிந்தது. இரண்டு மூன்று பாயிண்ட்களில் ஆட்டம் புரளும் இடத்தில் தரவரிசையை நம்பிப் பந்தயம் கட்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான். தவிர, ஆண்டு முழுக்கப் புல்தரைப் போட்டிகள் நடப்பது ஒரு சில வாரங்களே. எடைபோடத் தேவையான சரித்திரமே குறைவு.

இந்தியா பார்க்கத் தவறியதும் அந்தச் சரித்திரத்தைத்தான். 2018 பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதி வரை போன செச்சினாட்டோவை இத்தாலிய அணித் தலைவர் பரஸுட்டி ஒற்றையரில் இறக்கவே இல்லை. 34 வயது செப்பியை இறக்கினார். செப்பி 2011இல் ஈஸ்ட்போர்ன் புல்தரையில் பட்டம் வென்றவர். ராம்குமார் 4-6, 2-6 என்று அவரிடம் தோற்றார். பிரஜ்னேஷ் குணேஸ்வரனை 22 வயது பெரட்டினி 6-4, 6-3இல் முடித்தார். மறுநாள் இரட்டையரில் போபண்ணாவும் திவிஜ் சரணும் வென்று உயிர் கொடுத்தும் பயனில்லை. செப்பி பிரஜ்னேஷையும் சாய்க்க, இத்தாலிக்கு 3-1.

இதே சவுத் கிளப்பில் 1966இல் நடந்தது வேறு கதை. பிரேசிலின் தாமஸ் கோக்குக்கு எதிராக ராமநாதன் கிருஷ்ணன் 1-2 என்று செட்களில் பின்தங்கி, நான்காவது செட்டில் 2-5 என்று கிடந்தார். ஜெயிப்பார் என்று சொல்ல அப்போது அசாத்திய துணிச்சல் வேண்டும். ஜெயித்தார், இந்தியா முதன்முறையாக இறுதிச் சுற்றுக்குப் போயிற்று. மகன் ரமேஷ் 1987இல் சிட்னி புல்தரையில் ஃபிட்ஸ்ஜெரால்டையும், முடிவை நிர்ணயித்த கடைசி ஆட்டத்தில் மசூரையும் ஆஸ்திரேலியர்களின் சொந்த ஊரிலேயே தோற்கடித்தார். இறுதிச் சுற்றில் ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கில் களிமண்ணைக் கொட்டிவிட்டார்கள். முடிவு 5-0. தரையைத் தேர்ந்தெடுக்கும் சாமர்த்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விம்பிள்டனே கூட ஜோசியம் பார்த்தது. 2002 முதல் 2019 வரை ஆண்கள் பிரிவில் தரவரிசைப் புள்ளிகளோடு முந்தைய 12 மாதங்களின் புல்தரைப் புள்ளிகளை மறுபடியும் சேர்த்து, அதற்கு முந்தைய ஆண்டின் சிறந்த புல்தரைப் போட்டியிலிருந்து 75 சதவீதத்தையும் கூட்டி வரிசைப்படுத்தினார்கள். 2019இல் இதனால் உலகின் 2ஆம் நிலையிலிருந்த நடால் 3ஆம் இடத்துக்கு இறங்கினார். ஃபெடரர் மேலே போனார். நடாலுக்குக் கோபம். அரையிறுதியில் இருவரும் மோதியபோது வென்றவர் ஃபெடரர். ஆனாலும் 2021 முதல் அந்தச் சூத்திரம் கைவிடப்பட்டது.

கோல்கத்தாவில் புல்லைக் கண்டு மிரளுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட பெரட்டினி, நான்கு மாதம் கழித்து ஸ்டுட்கார்ட் புல்தரைப் பட்டத்தை ஒருமுறைகூட சர்வீஸ் இழக்காமல் வென்றார். 2021இல் விம்பிள்டன் ஒற்றையர் இறுதியில் ஆடிய முதல் இத்தாலியர் ஆனார்.